பனிக்கு எரித்த விறகு

1. பாய்லர் மலை ஏறிய நாள்

ஆம்பூரில் மூடிப்போன ஒரு தோல் டேனரியிலிருந்து பாய்லரைக் கழற்றி லாரியில் ஏற்றியபோது அதன் வயிற்றில் சாம்பல் இன்னும் இருந்தது. கடைசியாக அதை எரித்தவன் நான்தான். தோலுக்குச் சாயம் ஏற்றும் டிரம்களுக்கு வெந்நீர் போடுகிற பாய்லர். ஸ்டீம் கிடையாது. அதனால் எரிக்கிறவனிடம் சர்டிபிகேட் கேட்டு யாரும் வருவதில்லை. ஏழாவதோடு பள்ளியை விட்ட என்னால் அதன் முன்னால் உட்கார முடிந்தது அப்படித்தான்.

அதற்கு முன்பும் பல நெருப்புகளின் முன் உட்கார்ந்திருக்கிறேன். செங்கல் சூளை, அரிசி ஆலை, திருப்பூரில் சாயப்பட்டறை, கான்பூரில் டேனரி. எந்த இடத்திலும் நிலைத்ததில்லை. சில இடங்கள் என்னை விட்டன, சில இடங்களை நான் விட்டேன். என் மனைவி சரசு ஷூ கம்பெனியில் ஷூவின் மேல்தோலான அப்பரைத் தைத்துக்கொண்டு ஆம்பூர் ஓரத்தில் எங்கள் சின்ன வீட்டில் இருந்தாள். பிறகு அந்த வீட்டுக் கிணற்றுத் தண்ணீர் டீ நிறத்துக்கு மாறியது. துணி துவைத்தால் துணி விறைத்தது. தென்னை மரம் காய்ந்தது. வந்த விலைக்கு விற்றுவிட்டு வாடகை வீடு வாடகை வீடாக மாறினோம்.

டேனரி முதலாளி இம்தியாஸ் பாய்க்கு நாற்பது வயது இருக்கும். தாத்தா காலத்துத் தொழில். கழிவு நீரைச் சுத்தம் செய்கிற செலவு தோல் பதனிடும் செலவைத் தாண்டிவிட்டது என்று ஒருநாள் டிரம்களை நிறுத்திவிட்டார். ஆலங்காயத்துக்கு மேலே மலையில் அவர் குடும்பத்துக்குக் கொஞ்சம் நிலம் இருந்தது. அங்கே பாலிஹவுஸ் போட்டுக் கலர் குடைமிளகாய் வைக்கப் போவதாகச் சொன்னார்.

"குளிர் காலத்துல ஓசூர்ப் பக்கம் செடியெல்லாம் சுணங்கிடுதுண்ணா. பெங்களூர் ஹோட்டல்காரனுக்குக் காய் கெடைக்கறதில்ல. நாம உள்ள சூடு குடுத்தம்னா நம்ம செடி மட்டும் காய்க்கும். பாய்லரு இருக்குது, நீ இருக்கற. வேற இன்னா வேணும்?"

லாரி டிரைவர் கயிற்றை இறுக்கிக்கொண்டே கேட்டான்: "இன்னா பாய், குடமொளகாக்கு வென்னீர் போட்டுக் குளிப்பாட்டப் போறீங்களா? சோப்பு சீயக்காயும் ஏத்திக்கலாமா?"

பாய் சிரித்தார். சரசு சிரிக்கவில்லை. அவள் கேபினில் எங்கள் பாத்திர மூட்டையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கிளம்புவதற்கு முன் இறங்கி வந்து பாயின் எதிரில் நின்றாள்.

"பாய், இந்த ஆளு போற எடத்துக்கெல்லாம் நான் மூட்ட தூக்கிகினு போயாச்சு. இதான் கடைசி. அங்க எங்களுக்கு நெலயா ஒரு எடம் உண்டா, இல்லியா? இல்லன்னா சொல்லிடுங்க. நாட்றம்பள்ளில தங்கச்சி வூடு இருக்குது, நான் இப்பவே அங்க போய்டறேன்."

பாய் அவள் பக்கம் திரும்பினார். "பங்குனி வரைக்கும் செடி நின்னு காய் குடுத்துச்சுன்னா, கல்லு வெச்சு ஒரு வீடு கட்டித் தர்றேன் சரசுக்கா. நீங்க இருக்கற வரைக்கும் அது உங்களுது. செடி நிக்கலன்னா எனக்கே அங்க எடம் இல்ல."

அவள் மறுபடி கேபினில் ஏறிக்கொண்டாள். கொண்டை ஊசி வளைவுகளில் பாய்லர் கயிற்றை இழுத்து முனகிக்கொண்டே வந்தது.

2. சூடு போகும் வழிகள்

இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்காகக் கொஞ்சம் விளக்கமாகச் சொல்கிறேன்.

பாலிஹவுஸ் என்பது இரும்புக் குழாய் வளைவுகள்மேல் இழுத்துக் கட்டிய பிளாஸ்டிக் ஷீட். பகலில் வெயில் உள்ளே வந்து மண்ணைச் சுட வைக்கும். பொழுது சாய்ந்தபிறகு மண் அந்தச் சூட்டைத் திருப்பித் தரும். மண் தருவது போதாதபோது நாம் தரவேண்டியதுதான் விறகு. பாய்லர் வெந்நீர் பம்பு வழியாகப் போய், பாத்திக்குப் பாத்தி ஓடும் குழாய்களில் சுற்றி, ஆறிப்போய்த் திரும்பி வரும். மறுபடி சுட வைக்கவேண்டும்.

சூடு பல வழிகளில் வெளியே போகும். காற்று அடித்தால் ஷீட்டின் இடுக்குகளில் போகும். பக்கவாட்டுக் கர்ட்டன் முழுசாக இறங்காவிட்டால் அதன் கீழே போகும். இதெல்லாம் கண்ணுக்குத் தெரியும் ஓட்டை. தெரியாத ஓட்டை மேலே இருக்கிறது. பிளாஸ்டிக் ஷீட் காற்றைத் தடுக்கும், சூட்டைத் தடுக்காது. வானத்தில் மேகம் இருந்தால் அது ஒரு போர்வை மாதிரி. மேலே போகும் சூட்டில் பெரும் பங்கைத் திருப்பி அனுப்பும். காற்றில் ஈரம் இருந்தாலும் ஓரளவு அப்படித்தான். வானம் திறந்து காற்றும் வறண்டிருந்தால் மண்ணின் சூடு நேராக மேலே போய்விடும். நெருப்பு எரியாத பாலிஹவுஸ் அப்படிப்பட்ட இரவில் வெளியைவிடவும் உள்ளே குளிர்ந்துபோகும். நம்புவது கஷ்டம். நான் பார்த்திருக்கிறேன்.

குடைமிளகாய் குளிரில் சாகாது. அதுதான் ஏமாற்றும். இலை பச்சையாகவே நிற்கும். பூவை மட்டும் உதிர்த்துவிடும். பிடித்த பிஞ்சு சட்டைப் பொத்தான் அளவில் நின்றுவிடும்.

இதெல்லாம் நான் இப்போது வரிசையாக எழுதுகிறேன். அந்த வருஷம் ஐப்பசியில் எங்களில் ஒருவருக்கும் இது தெரியாது. எங்களிடம் இருந்த ஒரே தெர்மாமீட்டர் டிரம் தண்ணீரைப் பார்க்கிற தெர்மாமீட்டர். அதைக் குழாயில் திரும்பி வரும் தண்ணீரில் முக்கித்தான் பார்த்தோம். டேனரி ஆட்களுக்குச் சூடு என்றால் தண்ணீரின் சூடு. செடிப் பக்கம் அதைக் கொண்டுபோய் வைக்க யாருக்கும் தோன்றவில்லை.

3. பனி

டேனரியில் மழைக்கு அடுத்தபடி பயப்படுவது பனிக்கு. கொடியில் தொங்கும் தோல் பனியில் நனைந்தால் கறை விழும். கறை விழுந்த தோலை வாங்க ஆள் இல்லை. அதனால் ஆம்பூர் டேனரிகளில் சாயங்காலம் ஒரு வேலை உண்டு. வெளியே வந்து கையை நீட்டி, மூச்சை இழுத்து, இன்றைக்குப் பனி இருக்குமா என்று பார்ப்பது. பனி என்றால் தோலை உள்ளே எடுத்து அறைக்குச் சூடு கொடுக்கவேண்டும். பனி இல்லை என்றால் எல்லோரும் வீட்டுக்குப் போகலாம். பாயின் தாத்தா அப்படித்தான் பார்த்தார், அப்பா அப்படித்தான் பார்த்தார். பாயும் அப்படித்தான் பார்த்தார்.

எங்கள் பேச்சில் பனி என்ற சொல்லுக்குள் எல்லாம் இருக்கிறது. புல்மேல் நிற்கும் தண்ணீரும் பனி, கண்ணை மறைக்கிற வெண்புகையும் பனி, உடம்பு நடுங்குவதும் பனி. தலையில் துண்டைக் கட்டிக்கொள்வது பனிக்காக. குழந்தைக்குச் சளி பிடித்தால் பனியில் போனதால். பனி இருந்தால் குளிர், இல்லாவிட்டால் குளிர் இல்லை. இதில் சந்தேகப்பட எங்களுக்கு ஒன்றும் இல்லை.

மலையில் கார்த்திகை முழுக்க மேகம் இறங்கி நின்றது. மழை விட்டும் வானம் விடவில்லை. முன்பெல்லாம் இந்த நேரத்தில் வானம் வெளுத்துவிடும், இப்போது மார்கழி வரை மேகம் மூடிக்கொண்டே இருக்கிறது என்று ஊர்க்காரர்கள் சொன்னார்கள். சாயங்காலம் ஆனால் பாலிஹவுஸின் அந்தக் கோடி தெரியாது. மூக்கு நுனியில் தண்ணீர் நிற்கும். பாய் கம்பளித் தொப்பியை இழுத்துவிட்டுக்கொண்டு சொல்வார்:

"பனி கொட்டுதுண்ணா. ஜாஸ்தியாவே போடு. கஞ்சத்தனம் பண்ணாத."

நான் போட்டேன். நாட்றம்பள்ளி டிப்போவிலிருந்து வந்த சீமைக் கருவேல விறகு, புளிய விறகு, எல்லாம் போனது. உள்ளே ஆவி பறந்தது. சரசு காலையில் செடிகளை நூலில் கட்ட உள்ளே போனால் ரவிக்கை நனைந்து வெளியே வருவாள்.

"யோவ், உள்ள இட்லிப் பான மாதிரி இருக்குதுயா. செடிக்கு வேர்க்குது."

"வெளிய பனி எப்படி இருக்குது பாத்தியா மே?"

"பாத்தேன். பனி இருக்குது. குளிரு எங்க இருக்குது?"

அதை நான் வேடிக்கைப் பேச்சாக எடுத்துக்கொண்டேன். செடிகள் நன்றாகவே இருந்தன. சரசு ஒவ்வொரு செடிக்கும் இரண்டு தண்டை மட்டும் விட்டு மற்றதைக் கிள்ளி, நூலில் சுற்றி மேலே ஏற்றினாள். ஷூ தைத்த கை. முடிச்சு ஒரே அளவில் விழும். ஓய்ந்த நேரத்தில் பாலிஹவுஸுக்குக் கிழக்கே, வீடு வரப்போகும் இடத்தில், கல்லைப் பொறுக்கி ஓரமாக அடுக்கினாள். வாசல் எந்தப் பக்கம் என்று என்னிடம் கேட்கவில்லை. அவளே முடிவு செய்திருந்தாள்.

4. ஷிப்டு மாற்றிக்கொண்ட இருவர்

மார்கழி பாதியில் மேகம் கலைந்தது. காற்று வறண்டது. புல்லில் ஈரம் இல்லை. பாய் சாயங்காலம் வெளியே வந்து கையை நீட்டிப் பார்த்தார்.

"பனி விட்டுடுச்சு. நல்லதாப் போச்சு. விறகு பாதிக்கு மேல காலி. இனிமே கொஞ்சமா போட்டா போதும், பல அன்னிக்கி தேவையே படாது."

அவர் ஆம்பூருக்குப் போய்விட்டார். நானும் பாய்லரைக் குறைத்தேன், சில சாயங்காலங்களில் பற்ற வைக்கவே இல்லை.

மலைமேல் நட்சத்திரம் பார்க்கிற ஆபீஸ் ஒன்று உண்டு. அங்கே குண்டுக் கூரையைத் திறந்து மூடும் மோட்டாரைப் பார்த்துக்கொள்கிறவர் வெள்ளையன். மலையிலேயே பிறந்தவர். காலையில் ரோட்டோர டீக்கடையில் என்னைப் பார்த்தால் நகராமல் பேசுவார். அன்றைக்குக் கண் சிவந்து, ஸ்வெட்டர்மேல் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"இன்னா பாய்லர்காரரே, ரொம்ப நாளா பொகையக் காணோம்?"

"பனி விட்டுடுச்சே. இன்னாத்துக்கு எரிக்கணும்?"

அவர் டீயை வைத்துவிட்டுச் சிரித்தார். "நல்லா இருக்குது உங்க கத. மேகம் மூடிகினு எனக்கு வேல இல்லாத அன்னிக்கெல்லாம் உங்க பொக வானத்த முட்டிச்சு. இப்ப கூரயத் தொறந்து வெச்சிகினு நான் நடுங்கறேன், உங்க பாய்லரு தூங்குது. நாம ரெண்டு பேரும் ஷிப்டு மாத்திகினு இருக்கறமா?"

"நடுக்கமா? பனியே இல்லியே வெள்ளையா."

"பனி இல்லன்னாதான் நடுக்கம். மேகம் மூடுனா எங்களுக்கு லீவு, தூக்கம், கதகதன்னு இருக்கும். நட்சத்திரம் நல்லாத் தெரிஞ்சா எலும்பு வரைக்கும் போவும்."

டீ மாஸ்டர் குறுக்கே சொன்னார்: "அவருக்குச் சம்பளமே நடுங்கறதுக்குத்தாங்க."

நானும் சிரித்தேன். இதைச் சரசுவிடம் ஒரு வேடிக்கையாகச் சொன்னேன். அவள் கை கழுவிக்கொண்டிருந்தவள் நிறுத்திவிட்டாள்.

"அந்த ஆளு சொல்றது நெசமா இருந்தா?"

பதிலுக்குக் காத்திராமல் போய், தண்ணீரில் கிடந்த தெர்மாமீட்டரைத் துடைத்து எடுத்துக்கொண்டுபோய்ச் செடிகளின் நடுவே பூ இருக்கும் உயரத்தில் நூலால் கட்டினாள். அன்று இரவு பாய்லர் எரியவில்லை. மறுநாள் வெளிச்சம் வந்ததும் இரண்டு பேரும் போய்ப் பார்த்தோம். பிறகு அதைக் கழற்றி வெளியே வேலிக் கம்பத்தில் மாட்டி, டீ குடித்துவிட்டு வந்து பார்த்தோம். வெளியே கொஞ்சம் கூடுதலாகக் காட்டியது. வெயில் ஏறிவிட்டதால் அப்படி என்று நான் சொன்னேன். சரசு பாத்தியைக் காட்டினாள். மண்ணைப் போர்த்திய கறுப்பு மூடாக்கு ஷீட்டின்மேல் வெள்ளை வெள்ளையாகப் பூ. வரிசை முழுவதும். அவள் குனிந்து ஒரு பிடி அள்ளினாள். காம்போடு உதிர்ந்திருந்தது.

"இது இன்னிக்கி மட்டும் உதுந்தது இல்ல" என்றாள். "அடியில காஞ்சது கெடக்குது."

5. தை

பாய் முதலில் நோய் என்று நினைத்து மருந்து வாங்கி வந்தார். நான் வெள்ளையன் சொன்னதையும் தெர்மாமீட்டர் காட்டியதையும் சொன்னேன். அவர் பாத்தியின் ஓரத்தில் நின்று வெகுநேரம் மேலே பார்த்தார். மேலே நீலம் மட்டும் இருந்தது.

"அப்ப ஆகாசத்தப் பாத்து எரிக்கணுமா?"

"அப்படித்தான் தெரியுது பாய்."

"எங்க அப்பா கையில பாத்தாரு."

"அது தோலுக்கு."

அவர் அதற்குப் பிறகு பனியைப் பற்றிப் பேசவில்லை. வெள்ளையனிடம் ஓர் ஏற்பாடு செய்துகொண்டோம். ஆபீஸில் கூரையைத் திறக்கப் போகிறார்கள் என்றால் பொழுது சாய்வதற்குள் எனக்கு ஒரு மிஸ்டு கால். மிஸ்டு கால் வந்தால் பாய்லரைப் பற்ற வைக்கவேண்டும். வராவிட்டால் சும்மா இருக்கலாம். இதைவிடச் சரியான கருவியை நான் பிறகும் பார்க்கவில்லை.

ஆனால் மிச்சமிருந்த விறகு சில இரவுகளிலேயே தீர்ந்தது, அதற்குமேல் எரிக்க விறகு இல்லை. மேகம் மூடிய இரவுகளில், தேவையே இல்லாத நேரத்தில், பெரும்பங்கை எரித்திருந்தோம். டிப்போவுக்குப் போன் போட்டால் பொங்கல். பொங்கல் முடிந்து போட்டால் லோடுமேன்கள் மாடு விடற திருவிழாவுக்குப் போய்விட்டார்கள். எங்கள் பக்கம் தை மாதம் முழுக்க ஏதாவது ஓர் ஊரில் மாடு ஓடிக்கொண்டுதான் இருக்கும். காட்டில் ஒரு சுள்ளி எடுத்தாலும் கேஸ். அடிவாரத்து மரக்கடைகளில் பேசிப் பார்த்தோம். லாரிக்கு ஆள் இல்லை என்பதே எல்லா இடத்திலும் பதில்.

போனோ தினமும் அடித்தது. ஒருமுறை மணி அடித்து நின்றுவிடும்.

பாய் ஒரு ஷூ கம்பெனி தோஸ்த்திடம் வீணாகிப்போன லைனிங் துணிச் சுருள்களை வாங்கி அனுப்பினார். சரசு அவற்றை அகலமாகச் சேர்த்துத் தைத்தாள். கூரைக்குக் கீழே கம்பி இழுத்து, சாயங்காலம் மூடவும் காலையில் திறக்கவும் திரை மாதிரி போட்டோம். அது வேலை செய்தது. தெர்மாமீட்டர் அதைக் காட்டியது. ஆனால் துணி பாதி ஹவுஸுக்குத்தான் வந்தது. நடுவில் ஒரு திரையைத் தொங்கவிட்டு இரண்டாகப் பிரித்தோம். துணி இல்லாத பாதிக்குப் போகும் குழாயின் வால்வை நான் மூடினேன். மூடும்போது சரசு பக்கத்தில் நின்றிருந்தாள். அந்தப் பக்கத்துச் செடிகளும் அவள் கட்டியவைதான்.

பாய்லரில் சரக்கு அடுக்கும் பழைய மரப் பேலட், பெட்டிச் சட்டம், பந்தலுக்கு வைத்திருந்த மூங்கில், எல்லாம் போட்டேன். அவ்வளவும் சேர்ந்து கொஞ்ச நாளைக்குத்தான் வந்தது.

6. நீல மூட்டை

ஒருநாள் மதியம் பாய் குட்டியானை வண்டியில் வந்தார். பின்னால் மூட்டைகள். ஒரு மூட்டையின் வாய் பிரிந்து நீலத் தூள் தெரிந்தது. டேனரியில் குரோம் தோலைச் சீவும்போது விழும் ஷேவிங் தூள். மூடிய டேனரியின் கோடவுனில் கிடந்தது.

"நல்லாக் காஞ்சு கெடக்குதுண்ணா. சும்மா பஞ்சு மாதிரி எரியும். லாரி வர்ற வரைக்கும் தாட்டிடலாம்."

"குரோம் தூளு பாய் இது. எரிச்சா சாம்பல் வெஷம். கான்பூர்ல பாத்திருக்கறேன். மஞ்சளாக் கெடக்கும். மழ பேஞ்சா ஓடற தண்ணியும் மஞ்சளா ஓடும்."

"தெரியாதா எனக்கு? மூணு தலமொறயா இதுலயே இருக்கறோம்." அவர் குரல் உயரவில்லை. "சாம்பல ஆழமாக் குழி தோண்டிப் பொதச்சிடலாம். ஒரு தடவதான். வேற வழி இருந்தா சொல்லு."

நான் வண்டியின் பின்கதவுக் கொக்கியில் கை வைத்தேன். சரசு வந்து கதவில் முதுகைச் சாய்த்து நின்றுகொண்டாள்.

"எங்க பொதைப்பீங்க பாய்?"

"அந்தக் கோடில."

"அந்தக் கோடிக்குக் கீழ ஊர்க் கெணறு இருக்குது. வெள்ளையன் வூட்டுல அதுலதான் மொள்றாங்க. நானும் அதுலதான் மொள்றேன்."

பாய் பிரிந்திருந்த மூட்டையின் வாயை இழுத்து மூடினார்.

"எங்க வூட்டுக் கெணறு எப்படிப் போச்சுன்னு உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். நான் யாரயும் கேக்கல, சண்ட போடல. வித்துட்டு வந்துட்டேன். இங்கயும் அதே தண்ணியக் குடிக்கறதுக்கா கல்லுப் பொறுக்கினேன்?"

"செடி போய்டும் சரசுக்கா."

"தெரியும் பாய்."

"வீடு..."

"அதுவும் தெரியும். இந்த மூட்ட எறங்குனா நான் இப்பவே பஸ் ஏறிடுவேன். எறங்கலன்னா கொஞ்ச நாள் கழிச்சி ஏறணும்போல இருக்குது. ரெண்டுல அதுவே இருக்கட்டும்."

பாய் பாய்லரின் படிக்கட்டில் உட்கார்ந்தார். தொப்பியைக் கழற்றி மடித்தார், பிரித்தார், மறுபடி மடித்தார். பிறகு டிரைவரிடம், "வண்டியத் திருப்பு" என்றார். மூட்டைகள் வந்த வழியே இறங்கிப் போயின. அவர் அவற்றை என்ன செய்தார் என்று நான் கேட்கவில்லை.

அன்று பொழுது சாயும் முன் போன் ஒரு மணி அடித்து நின்றது.

7. மிச்சம்

விறகு லாரி ஒருநாள் வந்தது. அன்றைக்குக் கிழக்கே எங்கோ கடலில் காற்றழுத்தத் தாழ்வு. வானம் மூடிக்கொண்டது. அதற்குப் பிறகு அந்த வருஷம் குளிர் வரவே இல்லை. வந்த விறகில் பெரும்பங்கு அடுக்கியபடியே இருந்தது.

திரைக்குள் இருந்த பாதிச் செடிகள் மீண்டு மாசியில் மறுபடி பூத்தன. சரசு முகத்தில் கொஞ்சம் தெளிவு வந்தது. பாயும் வந்து பார்த்துவிட்டு, பார்க்கலாம் என்றார். அதற்குள் வெயில் ஏறிவிட்டது. மலைமேல் மாசியில் அப்படி வெயில் அடித்து நான் பார்த்ததில்லை, மலைக்காரர்களும் பார்த்ததில்லை என்றார்கள். எல்லாக் கர்ட்டனையும் சுருட்டிவிட்டோம். சாக்கை நனைத்துத் தொங்கவிட்டோம். பெரிய மின்விசிறி வைக்கப் பாயிடம் எதுவும் மிச்சமில்லை. குளிரில் உதிர்ந்த அதே பூ வெயிலிலும் உதிர்ந்தது. பிடித்திருந்த காய்கள் காம்பை ஒட்டிய தோளில் வெந்து வெளுத்தன. அவற்றைப் பெங்களூர் ஹோட்டல்காரன் வாங்கமாட்டான். ஆலங்காயம் சந்தையில் பச்சையாகவே தள்ளிவிட்டோம்.

பங்குனி பிறப்பதற்கு முன்பே பாய் கையை விரித்துவிட்டார். இப்போது அவர் துபாயில் தம்பி கடையில் ஷூ விற்கிறார். பாய்லரை ஜோலார்பேட்டையில் ஒரு ஹாஸ்டல்காரர் வாங்கினார். பாய்லரோடு நானும் இறங்கினேன். பிள்ளைகள் குளிக்க வெந்நீர் போடுகிறேன்.

சரசு இறங்கியது எனக்கு முன்னால். ஆலங்காயம் பஸ்ஸுக்கு நான்தான் மூட்டையைத் தூக்கிக்கொண்டு போனேன்.

"நீயும் வாயேன்" என்றாள். "தங்கச்சி வூட்டுப் பின்னால ஒரு ரூமு இருக்குது."

"அங்க எனக்கு இன்னா வேல இருக்குது?"

"அதான். உனக்கு வேல இருக்கற எடந்தான் எடம். எனக்கு நெலயா இருக்கற எடந்தான் எடம்."

பஸ் வந்தது. அவள் அடுக்கிய கற்கள் இன்னும் அங்கேயே கிடப்பதாக வெள்ளையன் சொல்கிறார்.

பாலிஹவுஸ் வைக்க நினைக்கிறவர்கள் சிலபேர் என்னைத் தேடி வந்து, இந்த மலையில் குளிர்காலத்துக்கு எவ்வளவு விறகு ஆகும் என்று கேட்கிறார்கள். குளிர்காலத்துக்கு என்று ஒரு கணக்கு கிடையாது என்று சொல்கிறேன். எங்களுக்கு அந்த வருஷம் குளிர்காலம் லேசானது. ஊரில் எல்லோரும் அப்படித்தான் சொன்னார்கள். சில இரவுகள்தான் பூவை உதிர்த்தன, அந்த இரவுகளுக்குத்தான் விறகு வேண்டும். மிச்ச விறகெல்லாம் நம் பயத்துக்கு எரிப்பது. முகத்தில் படுவதை வைத்து அளக்காதே, செடி உயரத்தில் தெர்மாமீட்டரைக் கட்டு. ஷீட்டுக்குக் கீழே துணித் திரை போடு. அது ஒரு லாரி விறகுக்குச் சமம். முன்பு எந்த மாதத்தில் வானம் வெளுத்தது என்பதை நம்பி விறகு வாங்காதே. இப்போது மாதம் சொன்னபடி வானம் நடப்பதில்லை. அதோடு, சூடு கொடுக்கக் கணக்குப் போடும்போதே சூடு தணிக்கவும் கணக்குப் போடு. இவ்வளவுதான் எனக்குத் தெரிந்தது.

வெள்ளையனிடம் மிஸ்டு காலை நிறுத்தச் சொல்ல மறந்துவிட்டேன். அவரும் நிறுத்தவில்லை, பழக்கமாகிவிட்டது என்கிறார். கார்த்திகை தாண்டினால் சில நாள் பொழுது சாயும் நேரத்தில் போன் ஒரு மணி அடித்து நிற்கிறது. மேலே கூரை திறக்கப் போகிறார்கள். எனக்கு எரிக்க ஒன்றும் இல்லை. ஹாஸ்டல் வாசலுக்கு வந்து ஒருமுறை அண்ணாந்து பார்த்துவிட்டு, நாட்றம்பள்ளிக்குப் போன் போடுகிறேன்.

"இன்னிக்கிக் குளிரும். நல்லாப் போத்திகினு படு" என்கிறேன்.

"இங்க பனியே இல்லயேயா" என்கிறாள் சரசு.

"அதான் சொல்றேன்" என்கிறேன்.